நானூற்றுப் பதினேழு தவறாமல் வருகிறாள்

எங்கள் வாரியத்தில் ஒருவர் இறந்துபோக வேண்டுமானால் அதற்கென்று ஒரு படிவம் வேண்டும். அப்படி ஒரு படிவம் எங்களிடம் இல்லை. ஆகவே வாரியம் தொடங்கிய பதினான்கு வருடத்தில் ஒருவர்கூட இறந்ததில்லை. ஆண்டறிக்கையில் இந்த வரியை வருடாவருடம் நான்தான் பார்த்து எழுதுகிறேன்.

செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது எங்கள் இளைஞர் தோட்ட ஊக்க நிதி வாரியம். பதினைந்து வயதுக்கு மேல், இருபத்தைந்துக்குள் இருக்கும் பிள்ளைகள் சேர்ந்து ஒரு தோட்டம் போட்டால் நிதி கொடுத்து ஊக்குவிப்போம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறோம். உள்ளே தாழ்வாரத்தில் வரிசையாகப் பூந்தொட்டிகள். எல்லாம் பிளாஸ்டிக் செடிகள். முதலில் நிஜச் செடிதான் வைத்தார்கள். அதில் ஒன்று காய்ந்துபோனது. காய்ந்த செடியைப் பட்டியலிலிருந்து நீக்க விதியில் இடமில்லை என்று தெரிந்ததும் மற்றவற்றைப் பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டார்கள். காய்ந்தது மட்டும் இன்னும் தன் தொட்டியில் குச்சியாக நிற்கிறது. திங்கட்கிழமைதோறும் பியூன் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஊற்றியதாகக் கையெழுத்துப் போடுகிறார்.

நான் வருகைப் பதிவேட்டு எழுத்தர். அலுவலகத்தில் என்னை மைக்கூடு என்பார்கள். நிதிக்கு விண்ணப்பித்த பிள்ளை ஆறு பயிற்சி முகாம்களில் கலந்துகொண்டால்தான் அனுமதிக் கடிதம் கிடைக்கும். முகாம் இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ இருப்பார்கள். போதாக்குறைக்கு, அழைப்புக் கடிதம் முகாம் முடிந்த மறுநாள்தான் கிளம்பும். அதனால் யாரும் வருவதில்லை. யாரும் வரவில்லை என்று எழுதினால் வாரியத்தை மூடிவிடுவார்கள். விண்ணப்பத்தில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்துப் பதிவேட்டில் போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

இதை ஏமாற்று வேலை என்று நான் நினைத்ததே கிடையாது. கை நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். பயிற்சியாளர் கையெழுத்தும் நான்தான் போடுகிறேன். அந்த மனிதர் கடைசியாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்து சுலபமானது என்பதால் நானும் கேட்கவில்லை.

ஆறு முகாமும் முடித்துக் கடிதம் வாங்கியவர் ஒருவரும் இல்லை. உயிரோடு இருப்பவர்களிடம் இருக்கிற தொல்லை அது. வீடு மாறுவார்கள், பள்ளி மாறுவார்கள், கைப்பேசி எண்ணை மாற்றுவார்கள். ஒன்று மாறினாலும் கோப்பு முதலிலிருந்து தொடங்கும். நானூற்றுப் பதினேழாம் எண் கோப்பில் மட்டும் எதுவுமே மாறவில்லை. இப்படி ஒரு ஒழுங்கான பிள்ளையா என்று நானே வியந்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை நான் இரண்டு முறை படித்தேன். பொதுவாக ஒரு முறைகூடப் படிப்பதில்லை. 'இத்திட்டத்தால் சமூகத்தில் விளையும் நீடித்த மாற்றம் யாது?' என்ற கேள்விக்கு நாங்கள் ஒரு பக்கம் இடம் விட்டிருக்கிறோம். அவள் 'தக்காளி' என்று எழுதியிருந்தாள். 'ஐந்தாண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு, 'எலுமிச்சங்கன்று நட்டிருக்கிறேன். காய்க்க நாலைந்து வருடம் ஆகும் என்கிறார்கள். அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பேன்' என்று எழுதியிருந்தாள். கீழே கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து, ஒரு சுழி சுழித்து மேலே கொண்டுவந்து, அதன் நுனியில் ஒரு புள்ளி. அந்தச் சுழி எனக்குப் பிடிபடப் பழைய தாளில் ஐம்பது தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

நாலு முகாம் முடிந்திருந்தபோது அவளுடைய அப்பா வந்தார். லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாடியும் படியேறி வந்திருந்தார். எங்கள் லிஃப்டை அவர்தான் ஒருமுறை சோதித்தவராம். அதனால் அதில் ஏறமாட்டாராம்.

“சார், பேரு மாத்தணும்.”

“யார் பேரை?”

“என் பொண்ணு பேரை. தோட்டத்துக்குன்னு அவதான் எழுதிப் போட்டா. அதை எம்பேருக்கோ, அங்க வேலை செய்யுற பிள்ளைங்க யார் பேருக்கோ மாத்திக் குடுத்தீங்கன்னா போதும்.”

“அவங்களே நேர்ல வந்து கேக்கணும்.”

“அவ இல்ல சார்.”

“வெளியூரா?”

அவர் கையிலிருந்த ஸ்பானரை மேசை ஓரத்தில் வைத்தார். “அஞ்சு மாசம் ஆச்சு சார். மூணே நாள் காய்ச்சல்.”

நான் கோப்பைத் திறந்து தேதியைப் பார்த்தேன். அவள் விண்ணப்பம் எங்களிடம் ஏழு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு, அவள் போய் மூன்று மாதம் கழித்துத்தான் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. வாரியத்தைப் பொறுத்தவரை அவள் பிறந்ததே இறந்த பிறகுதான். பதிவேட்டை மூட நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

அவர் கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கும் பின்னால் தூக்கம் வந்திருக்கும். அவர் குனிந்து அந்த நாலு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

“எப்ப வந்தா?”

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். “புதன்கிழமை” என்றேன்.

“டீயும் ரெண்டு பிஸ்கட்டும் பெற்றுக்கொண்டார்னு போட்டிருக்கு.” அவர் விரல் அந்தக் கட்டத்தில் நின்றது. “பாப்பாவுக்கு டீ பிடிக்காது சார். வாயில வைக்க மாட்டா.”

அவருக்கு என்ன வேண்டும் என்பதைப் பிறகு சொன்னார். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை. குப்பை கொட்டிக் கிடந்ததை அவளும் பத்துப் பதினோரு பிள்ளைகளும் சேர்ந்து தோட்டமாக்கியிருந்தார்கள். அவள் போன பிறகும் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் வந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு அந்த இடம் கார் நிறுத்த வேண்டுமாம். ஏதாவது ஒரு வாரியத்தின் அனுமதிக் கடிதம் அடுத்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் சிமெண்ட் போட்டுவிடுவார்களாம். எலுமிச்சங்கன்று இப்போது அவர் இடுப்பு உயரம் இருக்கிறது.

வேறு எங்கும் கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். கேட்காத இடமில்லையாம். ஒரு கம்பெனிக்காரர்கள், பிள்ளைகள் சிரித்தபடி தங்கள் பெயர்ப் பலகையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் கேட்டார்கள். படம் எடுத்துக் கொடுத்ததும் பலகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு அறக்கட்டளை, செடிகளின் மூன்று வருட வளர்ச்சியை வரைபடமாகக் கேட்டது. மூன்றாவது இடத்தில், போன வருடம் யாரிடம் நிதி வாங்கினீர்கள், அந்தக் கடிதம் இருந்தால்தான் இந்த வருடம் தரமுடியும் என்றார்கள். அலைந்து அலைந்து கடைசியில் மகள் எழுதிப்போட்ட இடத்துக்கே வந்திருக்கிறார்.

நான் அவரை இயக்குநரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இயக்குநர் மண் என்று சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் கை வைப்பார். அவர் ஷூவில் மண் பட்டு நான் பார்த்ததில்லை.

“நானூற்றுப் பதினேழோட அப்பாவா? உக்காருங்க, உக்காருங்க! எத்தனையோ பிள்ளைங்களைப் பார்த்துட்டேன். ஒரு கேம்ப்கூட விடாம வர்ற ஒரே பொண்ணு உங்க பொண்ணுதான்.”

“சார், அவ செத்துப்போயிட்டா.”

“அது உங்க சொந்த விஷயம். அதுல வாரியம் தலையிட முடியாது. எங்க ரெகார்டுல அவங்க ரொம்ப ஆர்வமா இருக்காங்க.”

லிஃப்ட் மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து இறப்புச் சான்றிதழின் நகலை எடுத்து நீட்டினார். இயக்குநர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல சான்றொப்பம் இல்லையே.”

“யார்கிட்ட வாங்கணும் சார்?”

“விண்ணப்பதாரர் குடுக்கிற எந்த நகலா இருந்தாலும் விண்ணப்பதாரரே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அவங்களை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. இன்னைக்கே எடுத்துக்கிறேன்.”

லிஃப்ட் மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“பெரியவர் நீங்க. ஒரு யோசனை சொல்றேன்,” என்று இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். “பேரு மாத்தினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இன்னும் ரெண்டே கேம்ப். இவ்வளவு தூரம் வந்த பொண்ணை ஏன் இப்பப் போய் நிறுத்துறீங்க?”

தாழ்வாரத்தில் திரும்பி நடக்கும்போது அவர் அந்தக் காய்ந்த குச்சியைத் தொட்டுப் பார்த்து, “இது செத்துப்போச்சு சார்” என்றார். பியூன் பதறிப்போய், “சத்தமாச் சொல்லாதீங்க” என்றார்.

ஐந்தாவது முகாமுக்கு அவர் வந்துவிட்டார். சலவைச் சட்டை போட்டு, பத்தே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. உட்காரத்தான் யாரும் இல்லை. முகாமுக்கு ஒரு ஆள் வந்துவிட்டார் என்றதும் அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டது. அறைச் சாவியைத் தேடினார்கள், பேனர் எங்கே என்றார்கள். பயிற்சியாளரை அழைத்தால் அவருடைய எண் உபயோகத்தில் இல்லை. வேறு வழியில்லாமல் இயக்குநரே பேச எழுந்தார்.

“விதைன்னா என்ன? விதைங்கிறது ஒரு கோப்பு. உள்ள எல்லாமே இருக்கு. அவசரப்பட்டுப் பிரிக்கக்கூடாது. பதினாலு வருஷத்துல எத்தனையோ விதைகளைப் பிரிக்காமலே காப்பாத்தியிருக்கேன். எங்க நிதியில போட்ட ஒரு செடிகூட இதுவரைக்கும் வாடினதில்ல. யாராவது வாடியிருக்குன்னு நிரூபிச்சா நான் பதவியை விட்டுடுறேன். ஏன் வாடல? நாங்க எதையும் நடவே விடல. அந்த அளவுக்குக் கண்காணிப்பு!”

முதலில் அவர் லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்துத்தான் பேசினார். போகப்போக அந்த மனிதருடைய கண்ணைப் பார்க்கப் பிடிக்காமல், பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. கடைசியில் அதனிடமே, “கேள்வி எதாவது இருக்கா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் காத்திருந்தோம். “நல்லது” என்று சொல்லி உட்கார்ந்தார்.

பியூன் அந்த நாற்காலிக்கு முன்னாலும் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வைத்தார். லிஃப்ட் மெக்கானிக் பிஸ்கட்டை மட்டும் எடுத்துக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார். போகும்போது என்னிடம், “கையெழுத்து ஆயிடுச்சா?” என்று கேட்டார். ஆயிற்று என்றேன். காலையிலேயே போட்டு வைத்திருந்தேன்.

அவள் கை என்னைத் தொற்றிக்கொண்டது அன்றைக்குத்தான். மறுவாரம் சம்பளப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால் வால், சுழி, புள்ளி. அவளுடைய கையெழுத்து. கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. சம்பளமும் வந்துவிட்டது. நான் ஓய்வு பெற அப்போது நாலு மாதம் இருந்தது. ஓய்வூதியப் படிவத்தில் மூன்று மாதிரிக் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். பேனாவை வைத்தால் அவள்தான் வந்தாள். என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. பதினான்கு வருடமாக ஊரார் கையெழுத்தையெல்லாம் போட்ட கை, என்னுடையதை எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தது.

முகாம் அறையைக் கடந்து போகவே பயமாக இருந்தது. பகலில்தான், நல்ல வெளிச்சத்தில்தான். அந்த நாற்காலியை மற்ற நாற்காலிகளோடு அடுக்கிவைக்கச் சொன்னால் பியூன் மாட்டேன் என்கிறார். “ஆள் இருக்கிற மாதிரி இருக்கு சார்” என்கிறார்.

ஆறாவது முகாமுக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியும் வந்தார். மருந்துக் கடையில் வேலை செய்பவர். மருந்துச் சீட்டுகளைப் படித்துப் படித்து எந்தக் கையெழுத்தையும் ஒரு பார்வையில் எடைபோடுகிற கண். வந்ததும் வராததுமாக என் மேசைக்கு வந்தார்.

“எங்க அந்த நோட்டு?”

“விடு, வா,” என்று கணவர் கையைப் பிடித்தார்.

“நீங்க சும்மா இருங்க. செத்த பிள்ளையை ஆஜராக்கிக் கடுதாசி வாங்க வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். பிஸ்கட்டை வேற வீட்டுக்குக் கொண்டு வராரு.”

“வாசல்ல தூக்கி எறிஞ்சா சார்,” என்றார் கணவர் என்னிடம். “அப்புறம் அவளே போய்ப் பொறுக்கிட்டு வந்து டப்பாவுல போட்டு வச்சுட்டா.”

அந்த அம்மா அதைக் கேட்காததுபோலப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். விண்ணப்பத்தில் மகள் போட்ட கையெழுத்தைப் பார்த்தார். பிறகு நான் போட்ட ஐந்தையும் பார்த்தார். முதலாவதிலிருந்து ஐந்தாவதுவரை போய், திரும்ப முதலாவதுக்கு வந்தார். போலி என்று சொல்லப்போகிறார், போலீஸுக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். போகட்டும் என்றுகூட இருந்தது.

“கை நல்லாத் தெளிஞ்சிருக்கு,” என்றார். குரல் மாறியிருந்தது. “ஃபாரத்துல போட்டது குழந்தைக் கையெழுத்து. இது பெரிய பொண்ணு கையெழுத்து. வளந்திருக்கா.”

திரும்பத் திரும்பப் போட்டதில் என் கை ஓட்டம் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

“ஆறாவது இன்னும் போடலையே?”

“இல்லம்மா.”

“என் முன்னாடி போடுங்க. நான் பாக்கணும்.”

பேனாவை எடுத்தேன். கை நகரவில்லை. ஆயிரக்கணக்கில் போட்ட கை மரக்கட்டை மாதிரி தாளின்மேல் கிடந்தது. அப்போது இயக்குநர் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“என்ன தாமதம்? நானூற்றுப் பதினேழு வந்தாச்சா இல்லையா?”

வரவில்லை என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். தோட்டமும் முடிந்திருக்கும். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வந்தாச்சு,” என்றார் அந்த அம்மா.

என் கை தானாக நகர்ந்தது. வால் இறங்கியது, சுழித்தது, மேலே ஏறியது. புள்ளி வைத்தேன். அந்த மாதிரி ஒரு கையெழுத்தை நான் அதற்கு முன் போட்டதில்லை. மை காயும்வரை இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. வாரியம் கொடுத்த முதல் கடிதம். நிதி பின்னர் வரும் என்று அதில் எழுதியிருந்தது, இதுவரை வரவில்லை. ஆனால் முத்திரையைப் பார்த்ததும் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் சிமெண்ட் மூட்டைகளை வேறு பக்கம் இறக்கச் சொல்லிவிட்டார். நான் ஒருநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். தக்காளி காய்த்திருந்தது. எலுமிச்சைக்கு அடியில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இன்னும் நிழல் வரவில்லை.

கடிதத்தின் பின்பக்கம் நிபந்தனைகள் இருந்தன. பயனாளி தொடர்ந்து எல்லா முகாமுக்கும் வரவேண்டும். ஒன்று தவறினாலும் அனுமதி ரத்து. இருபத்தைந்து வயது நிறைந்ததும் பயனாளி பட்டியலிலிருந்து தானாக நீக்கப்படுவார். அந்த அம்மா விரல்விட்டு எண்ணினார். “இன்னும் ஏழு வருஷம்,” என்றார். “ஏழு வருஷம் இருப்பா.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க இருப்பீங்களா?”

“ரெண்டு மாசத்துல ரிட்டயர்டும்மா.”

“அப்ப எனக்குச் சொல்லிக் குடுங்கண்ணா.”

கடையில் புதன்கிழமை அரைநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்தார். பெற்ற மகளின் கையெழுத்தை ஒரு தாய்க்கு நான் சொல்லிக்கொடுத்தேன். எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட்டுப்பிடிக்க வேண்டும், சுழியில் கையைத் தூக்கவே கூடாது. இதையெல்லாம் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்தால் மயிர் கூச்செறியும். அதனால் யோசிப்பதில்லை. என் ஓய்வூதியப் படிவம் இன்னும் மேசை இழுப்பறையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

என் கடைசிப் புதன்கிழமை அன்று அந்த அம்மாவே பதிவேட்டில் போட்டார். நன்றாகத்தான் வந்தது. ஆனால் வால் கொஞ்சம் குட்டை, சுழி கொஞ்சம் அகலம். அந்தப் பக்கமாக வந்த இயக்குநர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

“நானூற்றுப் பதினேழு கையெழுத்து மாறியிருக்கே?”

“வளர்ற பொண்ணு சார்,” என்றார் அந்த அம்மா. “வளர வளர அம்மா ஜாடை வரத்தானே செய்யும்.”

இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். குறிப்புக் கட்டத்தில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டுவிட்டு உள்ளே போனார். பியூன் தட்டோடு வந்து காலி நாற்காலிக்கு முன்னால் டீயை வைக்கக் குனிந்தார்.

“டீ வேணாம்,” என்றார் அந்த அம்மா. “பால் இருந்தா குடுங்க. குடிப்பா.”